ஆட்டினால் கேட்கிறது, விட்டால் போய்விடுகிறது: கேபிள் கழற்றும் ஹெட்ஃபோனில் லூஸ் கான்டாக்ட்டைப் பிடிப்பது எப்படி

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது காதில் சத்தம் நின்றுபோகும். கேபிளை லேசாகத் தட்டினால் கரகரவென்று திரும்ப வரும். தலையைத் திருப்பினால் மறுபடி போய்விடும். ஜாக்கை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்து அசையாமல் உட்கார்ந்திருந்தால் நாலு பாட்டு தாங்கும். நான் ஒரு மாதம் முழுக்க ஜாக்கை ஃபோனோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி ஓட்டியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் இரண்டு வினாடி காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஸ்பீக்கர் போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார். மனசு கேட்காமல் கேபிளை மட்டும் புதிதாக வாங்கி மாட்டினேன். அதே கோளாறு. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனின் ஜாக் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், அடியில் சாம்பல் நிறத்தில் என்னவோ தெரிந்தது. பல்குத்தும் குச்சியால் நெம்பியதும் உளுந்து அளவுக்கு ஒரு பஞ்சுக் கட்டி வெளியே வந்தது. சட்டைப் பைத் தூசி, இரண்டு வருடச் சேமிப்பு. ஜாக் 'டக்'கென்று உட்கார்ந்தது. ஸ்பீக்கரும் போகவில்லை, கேபிளும் போகவில்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதைப் பற்றித்தான். கேபிள் உள்ளேயே ஒட்டியிருக்கும் ஹெட்ஃபோனில் அதற்கு வழி குறைவு. கழற்றும் கேபிள் என்றால் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதிக்கலாம். ஆனால் கழற்றும் இடம் ஒவ்வொன்றும் கூடுதலாக ஒரு மூட்டு. மூட்டு இருந்தால் வலியும் வரும்.

சோதனைக்கு என்ன கேட்பது

பாட்டு வேண்டாம். யாராவது பேசுவதைப் போடுங்கள். செய்தி வாசிப்பு நல்லது. ஒற்றைக் குரல் இரண்டு காதிலும் ஒரே அளவில் விழும், நடுமண்டையில் கேட்பதுபோல் இருக்கும். ஒரு பக்கம் போனால் குரல் சட்டென்று மறுபக்கம் சாயும், உடனே தெரிந்துவிடும். பாட்டில் ஒரு கிட்டாரை வேண்டுமென்றே இடது பக்கம் மட்டும் வைத்திருப்பார்கள். அதைக் கோளாறு என்று நினைத்து நான் ஒரு முறை கேபிளைக் கழற்றியிருக்கிறேன்.

அப்புறம், என்ன மாதிரி போகிறது என்று கவனியுங்கள். ஒரு காது மட்டும் போவது, இரண்டும் சேர்ந்து போவது, இது தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு. புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது அதில்தான்: பாட்டு வரும், பாடகர் வரமாட்டார். வயலின் கேட்கும், கோரஸ் கேட்கும், குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் மங்கிப்போகும். பழைய மோனோ ஒலிப்பதிவைப் போட்டால் ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது.

இதற்குக் காரணம் எளிது. ஜாக்கில் கறுப்பு வளையங்களால் பிரிக்கப்பட்ட உலோகப் பகுதிகள் இருக்கின்றன. நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, கடைசியில் இருப்பது இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு. (மைக் உள்ள ஜாக்கில் நாலு பகுதி இருக்கும், இப்போது பெரும்பாலான ஃபோன்களில் மூன்றாவது கிரவுண்டு, நாலாவது மைக்.) அந்தக் கிரவுண்டு விட்டுப்போனால் மின்னோட்டம் திரும்ப வழியில்லாமல் இடது ஸ்பீக்கர் வழியாகப் போய் வலது ஸ்பீக்கர் வழியாக வெளியேறும். அப்போது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதில் விழும். பாடகரின் குரல் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி பதிவாகியிருப்பதால் கழிந்துபோய்விடும். ஆக, பாடகர் காணாமல் போனால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கவே வேண்டாம். ஜாக் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது கிரவுண்டு கம்பி அறுந்திருக்கிறது.

ஹெட்ஃபோனைத் தொடுவதற்கு முன்

அதே ஹெட்ஃபோனை வேறு ஃபோனிலோ லேப்டாப்பிலோ மாட்டிப் பாருங்கள். அங்கே சரியாகக் கேட்டால் குற்றவாளி உங்கள் ஃபோன்தான்.

ஃபோனின் உறையைக் கழற்றிப் பாருங்கள். தடித்த உறை ஜாக்கை ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே தடுத்துவிடும். துளைக்குள் டார்ச் அடியுங்கள். தூசி இருந்தால் ஃபோனை அணைத்துவிட்டு மரக் குச்சியால் ஓரமாக நெம்பி எடுங்கள். குண்டூசி, ஹேர்பின் கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய உலோக நாக்கு வளைந்துவிட்டால் ஃபோனைத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். ஜாக் துளையே இல்லாத ஃபோனில் யுஎஸ்பி-சி டாங்கிள் (சார்ஜ் துளையில் செருகி ஜாக்கை மாட்டும் குட்டி ஒயர்) வைத்திருப்பீர்கள். அதைத் தனியாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இந்தச் சங்கிலியில் அதிகமாக வளைந்து நெளிவது அந்தக் குட்டி ஒயர்தான், சீக்கிரம் சாவதும் அதுதான்.

செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதியில் இடது வலது பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. அது ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் மறு காதில் சத்தம் எப்போதுமே குறைவாக இருக்கும், விட்டு விட்டு வராது. இயர்ஃபோன் வலையில் காது அழுக்கு அடைத்தாலும் அப்படித்தான். புளூடூத்தும் கேபிளும் இரண்டும் உள்ள ஹெட்ஃபோன் என்றால் புளூடூத்தில் கேட்டுப் பாருங்கள். அதில் இரண்டு காதும் ஒழுங்காக இருந்தால் ஸ்பீக்கர்கள் நன்றாக இருக்கின்றன.

இடம் மாற்றிப் பார்ப்பது

ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இது. காதுக்குள் செருகும் இயர்ஃபோன்களிலும், சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 போல இரண்டு காதுக் கிண்ணத்துக்கும் தனித்தனியாகக் கேபிள் போகும் ஹெட்ஃபோன்களிலும் செய்யலாம்.

வலது பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் கழற்றி, கேபிளின் வலது முனையை இடது இயர்ஃபோனிலும், இடது முனையை வலது இயர்ஃபோனிலும் மாட்டுங்கள். காதில் சரியாக உட்காராது, பரவாயில்லை, கையில் பிடித்துக் காதருகே வைத்தால் போதும். இப்போது இடது இயர்ஃபோன் போகத் தொடங்கினால் கோளாறு கேபிளோடு இடம் மாறிவிட்டது: கேபிள் அல்லது ஜாக். பழையபடி வலது இயர்ஃபோனே போனால் கோளாறு இயர்ஃபோனில் இருக்கிறது: அதன் சாக்கெட் அல்லது உள்கம்பி. இரண்டுமே ஒழுங்காகக் கேட்டால்? கழற்றி மாட்டியதிலேயே அழுக்கு விலகியிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டாம், இரண்டு நாளில் திரும்ப வரும். நேராகச் சுத்தம் செய்யும் பகுதிக்குப் போங்கள்.

ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் போன்றவற்றில் கேபிள் இடது கிண்ணத்தில் மட்டும்தான் நுழைகிறது. இந்த மாற்று வேலை நடக்காது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் மூன்று கேபிள் கொடுக்கிறார்கள். பலர் ஒன்றை மட்டும் எடுத்து, மற்ற இரண்டையும் மறந்தே போயிருப்பார்கள். தேடி எடுத்து மாட்டிப் பாருங்கள். புதுக் கேபிளிலும் வலது காது மட்டும் போகிறது, அதுவும் தலைப்பட்டையை விரித்தாலோ கிண்ணத்தைத் திருப்பினாலோ போகிறது என்றால், இடது கிண்ணத்திலிருந்து பட்டை வழியாக வலது பக்கம் போகும் உள்கம்பி தேய்ந்திருக்கிறது. மடக்கும் ஹெட்ஃபோன்களில் அந்தக் கம்பி கீல் இருக்கும் இடத்தில்தான் அவதிப்படும். அதற்கு எந்தக் கேபிள் வாங்கினாலும் பயனில்லை.

விரலால் தேடுவது

கேபிள்தான் என்று தெரிந்துவிட்டால் அதில் எந்த இடம்? செய்தி ஓடட்டும். கேபிளை மேசைமேல் நீட்டிப் போடுங்கள், தொங்க விடாதீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு விரற்கடை நீளம் பிடித்து, அந்த இடத்தை மட்டும் மெல்ல இப்படியும் அப்படியும் வளையுங்கள். பிறகு அடுத்த விரற்கடை. முழுக் கேபிளையும் பிடித்து உலுக்கினால் எங்கே என்று தெரியாது, இருக்கும் இழையும் அறுந்துவிடும்.

தொடங்க வேண்டிய இடம் ஜாக்கின் கழுத்து. அங்கே ரப்பர் முடிந்து கேபிள் தொடங்கும் அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் நிறையக் கேபிள்கள் உயிரை விடுகின்றன. அதற்கடுத்து காதருகே உள்ள முனையின் கழுத்து, பிறகு மைக் பட்டன் பெட்டி, பிறகு கேபிள் இரண்டாகப் பிரியும் இடம். நடு வழியில் அறுவது அபூர்வம். நாற்காலிச் சக்கரம் ஏறியிருந்தாலோ பூனை கடித்திருந்தாலோ தவிர.

சுத்தம்

பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். வியர்வையும் ஈரக்காற்றும் பட்டால் இந்தக் குட்டி உலோக முனைகளிலும் அதுவேதான் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத படலமாக இருக்கும்போதே கரகரப்பு தொடங்கிவிடும். புளி போட்டுத் தேய்க்க முடியாது என்பதுதான் வித்தியாசம்.

வேண்டியது ஐசோபுரோபைல் ஆல்கஹால், 99 சதவீதம். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில், மொபைல் சர்வீஸ் சாமான் விற்பவர்களிடம் கிடைக்கும். 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர். அவசரத்துக்கு ஆகும், ஆனால் நன்றாகக் காயவிட வேண்டும். சானிட்டைசர் வேண்டாம், அதில் கிளிசரின் சேர்ப்பார்கள், பிசுக்குப் படியும். நகப்பூச்சு நீக்கி பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே, தேங்காய் எண்ணெய் எல்லாம் ஒரு நாள் வேலை செய்வதுபோல் காட்டிவிட்டுத் தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

எல்லாவற்றையும் கழற்றுங்கள். காட்டன் பட்ஸை ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ஜாக்கையும் பின்களையும் துடையுங்கள். பஞ்சு கறுத்துவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். சாக்கெட்டுக்குள் பட்ஸ் நுழையாது. பல்லிடுக்கு பிரஷ் நுழையும். இரண்டு முறை விட்டுத் திருப்பி எடுங்கள். இயர்ஃபோனில் சாக்கெட்டைக் கீழ்நோக்கிப் பிடித்துச் செய்யுங்கள், ஆல்கஹால் உள்ளே வழியக் கூடாது. பிறகு ஈரம் காய்வதற்குள் கேபிளை மாட்டி, கழற்றி, மாட்டி, ஒரு பத்து முறை. உலோகத்தோடு உலோகம் உரசும்போதுதான் படலம் உரியும். அரை மணி நேரம் காயவிட்டு மாட்டுங்கள். என் அனுபவத்தில் பாதிக் கேஸ் இதோடு முடிந்துவிடும்.

முனைக்கு முனை சுபாவம் வேறு

இயர்ஃபோன் கேபிள் முனையில் இரண்டு குட்டிக் கம்பி நீட்டியிருக்கும் 'இரண்டு பின்' வகையில், பின்னின் குறுக்களவு 0.78 அல்லது 0.75 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். 0.75 பின்னை 0.78 சாக்கெட்டில் மாட்டினால் நிற்கும், ஆனால் தளரும். பின்களை மயிரிழை அளவு உள்நோக்கிச் சாய்த்தால் பிடிப்பு வரும் என்று செய்பவர்கள் உண்டு. செய்வதானால் ஒரே ஒரு முறை, மிக மெல்ல. பின் ஒடிந்து சாக்கெட்டுக்குள் மாட்டிக்கொண்டால் இயர்ஃபோனும் போச்சு. இந்த வகையில் இன்னொரு கூத்து: ஒரு பக்கம் மட்டும் பின் தலைகீழாக ஏறியிருந்தால் சத்தம் வரும், ஆனால் பேஸ் (தபேலா, டிரம்மின் தாழ்ந்த ஒலி) காணாமல் போய், குரல் எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. அந்தப் பக்கத்தைத் திருப்பி மாட்டினால் சரி.

எம்எம்சிஎக்ஸ் வட்டமான குட்டி முனை, மாட்டியபின்னும் சுழலும். அந்தச் சுழற்சிதான் அதன் வசதியும் வியாதியும். ரேடியோ அலைக் கருவிகளுக்காக வந்த இணைப்பு இது. அங்கே சுமார் 500 முறை கழற்றி மாட்டத்தான் கணக்கு. தினமும் கழற்றினால் ஒன்றரை வருடத்துக்குள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். கழற்ற முடியும் என்பதற்காகக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றும்போதும் கேபிளைப் பிடித்து இழுக்காமல், இரண்டு முனையையும் நகத்தால் நெம்பி நேராக எடுங்கள்.

ஏகேஜி கே240, கே702 ஹெட்ஃபோன்களில் இருக்கும் மூன்று பின் மினி எக்ஸ்எல்ஆர் பூட்டிக்கொள்ளும் வகை, பெரும்பாலும் தொல்லை தராது. எச்டி 600, 650-இல் ஒரு பின் தடியாகவும் ஒன்று மெலிதாகவும் இருக்கும். முழுதாக இறங்கிவிட்டது என்று நினைத்த பிறகும் இன்னொரு அழுத்து அழுத்திப் பாருங்கள். எம்50எக்ஸில் 2.5 மி.மீ. ஜாக், உள்ளே தள்ளித் திருப்பினால் பூட்டும். வேறு எதற்கோ வாங்கிய 2.5 மி.மீ. கேபிளில் அந்தப் பூட்டு இருக்காது, நுழைந்தாலும் நிலைக்காது.

மல்டிமீட்டர் இருந்தால்

கம்பியில் மின்சாரம் அறுபடாமல் போகிறதா என்று காட்டும் கருவி அது. இல்லையென்றால் வாங்குங்கள். சாதாரண மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. கேபிளைத் தனியாகக் கழற்றி, மீட்டரைப் 'பீப்' சத்தம் வரும் நிலையில் வையுங்கள். ஒரு முனையை ஜாக்கின் நுனியிலும் மற்றதை இடது பக்கப் பின்களில் ஒன்றிலும் வையுங்கள். ஒரு பின்னில் பீப் வரும், மற்றப் பின் கிரவுண்டோடு பேசும். வலதுக்கு ஜாக்கின் இரண்டாவது பகுதியில் வைத்து அப்படியே. பீப் வரும்போது சந்தேகப்பட்ட கழுத்தை வளையுங்கள். சத்தம் விக்கினால் இடம் அதுதான். தனியாகச் செய்வதற்கு மூன்று கை வேண்டும். துணி காயப்போடும் கிளிப் மூன்றாவது கை.

கேபிளோடு சேர்த்தும் அளக்கலாம். மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஜாக்கின் நுனிக்கும் கிரவுண்டுக்கும் இடையில், பிறகு இரண்டாவது பகுதிக்கும் கிரவுண்டுக்கும் இடையில் பாருங்கள். எம்50எக்ஸ் 38 ஓம், எச்டி 600 300 ஓம் என்று போட்டிருப்பார்கள். மீட்டர் அதை ஒட்டி ஏதாவது காட்டும். எண்ணைவிட முக்கியம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதும், கேபிளை ஆட்டினாலும் அசையாமல் இருப்பதும். மீட்டர் முனை தொடும்போது ஸ்பீக்கரில் 'கிறிச்' என்று சின்னச் சத்தம் வந்தால் அந்த ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது.

வாங்குவதா, வெட்டிப் பற்றவைப்பதா

இயர்ஃபோன் கேபிள் சில நூறு ரூபாய்தான் என்றால் வாங்கிவிடுங்கள். மயிரிழைக் கம்பிகளோடு மல்லுக்கட்டி மிச்சம் ஒன்றுமில்லை. விலை அதிகமான கேபிள், ஜாக் கழுத்தில்தான் அறுந்திருக்கிறது என்றால் புது ஜாக் வாங்கிப் பற்றவைப்பது லாபம். புதிதாகச் செய்பவர்கள் மைக்கை மறந்துவிட்டு மூன்று பகுதி ஜாக்கே வாங்குங்கள்.

பழைய ஜாக்கிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். வெட்டிய முனையிலிருந்து காது முனை வரை மீட்டரால் பார்த்து, மீதிக் கேபிள் நன்றாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு மேலே போங்கள். இப்போது சால்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன், புது ஜாக்கின் மூடியைக் கேபிளில் கோத்துவிடுங்கள். அழகாகப் பற்றவைத்து, ஊதி ஆறவைத்து, பெருமையாகப் பார்க்கும்போது மூடி மேசைமேல் உட்கார்ந்து உங்களைப் பார்க்கும். பற்றவைத்ததையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். எனக்கு இது மூன்று முறை நடந்திருக்கிறது, மூன்றாவது முறை போன வருடம்.

உள்ளே சிவப்பு, பச்சை அல்லது நீலம், செம்பு நிறம் என்று கம்பிகள் இருக்கும். வழக்கமாகச் சிவப்பு வலது, பச்சையோ நீலமோ இடது, செம்பு நிறம் கிரவுண்டு. வழக்கத்தை நம்பாமல் மீட்டரில் பார்த்துவிடுங்கள். அந்த நிறம் வெறும் நிறமல்ல, கம்பியின் மேல் பூசிய அரக்கு போன்ற காப்பு. அது போகாமல் ஈயம் ஒட்டாது. 25 வாட் அயர்ன் நுனியில் கொஞ்சம் ஈயத்தைச் சொட்டாக நிற்கவைத்து, கம்பி முனையை அதற்குள் சில வினாடி பிடியுங்கள். புகை வரும், கம்பி வெள்ளியாகும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். இடையில் இருக்கும் நூல் கேபிளின் பலத்துக்கு வைத்தது, அதை வெட்டி ஒதுக்கிவிடலாம்.

பிறகு நுனிக்கு இடது, நடுவுக்கு வலது, நீண்ட தகட்டுக்குக் கிரவுண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு வினாடிக்கு மேல் அயர்னை வைக்காதீர்கள், நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் இளகி ஜாக்கே கோணிக்கொள்ளும். தகட்டின் கடைசியில் உள்ள இரண்டு காதுகளையும் கேபிளின் தோல்மேல் மடக்கி இறுக்குங்கள். இழுவை தோலில் விழ வேண்டும், பற்றவைத்த இடத்தில் விழக் கூடாது. மூடியைத் திருகுவதற்கு முன் மீட்டரை வைத்து, நுனிக்கும் நடுவுக்கும் ஷார்ட் இல்லை என்று பாருங்கள். அப்புறம் செய்தி வாசிப்பைப் போட்டு, இடது இடதாகத்தான் வருகிறதா என்றும்.

வெட்டிப்போட்ட பழைய ஜாக்கைக் குப்பையில் போடாதீர்கள். ரப்பரைப் பிளேடால் கீறிப் பாருங்கள். உள்ளே மற்றக் கம்பிகள் முழுதாக நிற்க, ஒரே ஒரு கம்பி மட்டும் ஜாக்கை ஒட்டி அறுந்து, இரண்டு முனையும் உரசியும் உரசாமலும் கிடக்கும். கழுத்து அறுந்த கேபிளில் ரப்பர் பேண்டு போட்டு நாம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.